ஆள்காட்டிக் குருவியின் மூன்று கூப்பாடுகள்

கோரைக்குளத்துக் காட்டுக்கு மின்னி என்ற ஆள்காட்டிக் குருவிதான் காவல். சிறுத்தையின் தலை தெரிந்தால் போதும், தொண்டை கிழியக் கத்தும்.

ஆனால் ஒரு கத்தலில் வேலை முடியாது. மானுக்குத் தனிக் கூப்பாடு, பன்றிக்குத் தனி, முயலுக்குத் தனி. "எங்களுக்குன்னு தனியாச் சொன்னாத்தான் மரியாதை!" என்று மூன்று கூட்டமும் ஒரே பிடிவாதம். அடுத்தவர் கூப்பாட்டை யாரும் காதில் வாங்குவதே இல்லை. சேதி என்னவோ ஒன்றுதான். சிறுத்தை எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், இன்று என்ன பூ பூத்திருக்கிறது, எந்த வழியாக ஓட வேண்டும். பூ எதற்கா? அட, யாருக்குத் தெரியும்!

ஒரு புயலில் மரம் விழுந்து, எல்லோரும் தப்பி ஓடும் பாறைச் சந்து அடைத்துக்கொண்டது. 'இனி ஓடை வழி' என்று மின்னி மான் கூப்பாட்டை மாற்றியது. பன்றிக் கூப்பாட்டையும் மாற்றியது. முயல் கூப்பாட்டை மறந்தே போனது.

சிறுத்தை வந்தது. மானும் பன்றியும் ஓடை வழியே தப்பின. குறுவால் என்ற தாய்முயல் மட்டும் குட்டிகளோடு பழைய சந்துக்குள் ஓடி, மரத்தில் முட்டி நின்றது. எப்படியோ இடுக்கில் புகுந்து பிழைத்தன. ஆனால் ஒரு குட்டியின் பின்னங்கால் சிறுத்தையின் நகத்தில் கிழிந்துவிட்டது.

"நீ சொன்ன வழியிலதானே போனோம்!" என்று குறுவால் அழுதது. மின்னிக்கு உயிரே போய்விட்டது.

இரைகூடத் தேடாமல் உட்கார்ந்து மூன்று கூப்பாடுகளையும் மெல்லச் சொல்லிப் பார்த்தது. 'ஒண்ணையே மூணா வச்சுக்கிட்டா, என்னிக்காவது ஒண்ணு விட்டுப்போகத்தானே செய்யும்?' என்று அதற்கு உறைத்தது.

மூன்று கூட்டமும் தண்ணீர் குடிக்கக் கூடும் நேரம் பார்த்து, நேரே மான் தலைவனிடம் போனது. "அண்ணே, பூ பேரைச் சொல்றேனே, அதை வச்சு என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லையே! பன்றிக்கு வேணுமா இருக்கும்."

"எங்களுக்கா? முயலுக்குன்னுல்ல நினைச்சேன்!" என்றது பன்றி.

"ஐயே, நான் மானுக்குன்னு நினைச்சேன்!" என்றது குறுவால்.

நல்ல கூத்து! அப்படியானால் காற்றையும் தூக்கிவிடலாமா? மின்னி அவசரப்படவில்லை. அதையும் கேட்டது.

பன்றி பதறியது. "ஐயோ, அதுல கை வைக்காதே! காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தான் எங்களால மோப்பம் பிடிக்க முடியும்!"

காற்று இருந்தது. பூ போனது.

"இனிமே எல்லாருக்கும் ஒரே கூப்பாடு" என்றது மின்னி.

"அப்போ எங்க மரியாதை?" என்று மான் முறைத்தது.

குறுவால் குட்டியின் காலைக் காட்டியது. "இதைப் பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே." மான் தலையைக் குனிந்துகொண்டது.

மழை வந்தது. ஓடை பெருகியது. மின்னி ஒரே கூப்பாட்டில் ஒரே சொல்லை மாற்றி, 'மேட்டு வழி' என்று வைத்தது. அன்றே சிறுத்தையும் வந்தது. முன்பெல்லாம் முயலின் முறை வருவதற்குள் சிறுத்தை பாதிக் காட்டைத் தாண்டியிருக்கும். இப்போது மூன்று கூட்டமும் ஒன்றாகவே ஓடின. நொண்டிக் குட்டிதான் கடைசியாக மேட்டில் ஏறியது. ஆனாலும் ஏறிவிட்டது.

ஒரே சேதியைப் பல இடங்களில் வைத்திருந்தால் பிழை எங்காவது ஒன்றில் ஒளிந்துகொள்ளும் என்பதால், அதை ஓரிடத்தில் வைத்து, யாருக்கும் உதவாததைக் கேட்டறிந்து நீக்குவதே அறிவு.