கிளி கொடுக்க மறுத்த புல்

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. நீந்த முடியாத விலங்குகளை ஓர் எருமை முதுகில் ஏற்றிக்கொண்டு, பகலெல்லாம் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தது. அதற்கு மேய நேரமில்லை. அதனால் காட்டில் உள்ள எல்லோரும் காலையில் ஆளுக்கு ஒரு வாய்ப் புல் கொண்டுவந்து அதன் முன்னால் போடுவார்கள். முதுகில் ஏறுகிறவர்களும் போடுவார்கள், ஏறாதவர்களும் போடுவார்கள்.

இக்கரையில் ஒரு நாவல் மரப் பொந்தில் கிளி ஒன்று குடியிருந்தது. அழகாகப் பேசும். அழகாகப் பேசினால் அதில் நியாயமும் இருக்கும் என்று நம்புகிறவர்கள் எந்தக் காட்டிலும் உண்டு.

ஒருநாள் அது எல்லோரையும் கூட்டியது.

“எனக்கு இறக்கை இருக்கிறது! நான் என்றைக்காவது எருமை முதுகில் ஏறினேனா? நான் எதற்குப் புல் சுமக்க வேண்டும்? ஏறுகிறவர்கள் கொடுக்கட்டும்!”

“சரியாகச் சொன்னாய்!” என்று பறவைகள் கத்தின. கிளைக்குக் கிளை தாவும் குரங்குகளும் சேர்ந்துகொண்டன.

தினமும் அக்கரையிலிருந்து எருமைமேல் வந்துபோகும் கீரி மட்டும் எழுந்தது.

“கொஞ்சம் யோசியுங்கள் அக்கா! நாங்கள் சின்ன உயிர்கள். எங்கள் புல்லை மட்டும் நம்பினால் எருமையண்ணனுக்கு அரை வயிறுகூட நிரம்பாது!”

“அது உங்கள் பாடு!” என்றது கிளி.

கூட்டமும் அப்படியே முடிவு செய்தது.

மறுநாள் முதல் ஏறுகிறவர்கள் ஆளுக்கு மூன்று வாய்ப் புல் கொண்டுவர வேண்டியதாயிற்று. முயலால் முடியவில்லை. “நான் இனி அக்கரைக்குப் போகவில்லை” என்று வீட்டிலேயே இருந்துவிட்டது. முயல் நின்றதும் மற்றவர்களின் சுமை கூடியது. அணில் நின்றது. முள்ளெலி நின்றது. எருமைக்கு விலா எலும்பு தெரிந்தது. நாளுக்குப் பத்து நடை போய்வந்தது, இரண்டு நடையாகக் குறைந்தது.

கடைசியில் ஒருநாள், “மன்னித்துவிடுங்கள், பசி தாங்கவில்லை” என்று சொல்லிவிட்டு, அது மேய்ச்சல் தேடிப் போய்விட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளி கவலைப்படவில்லை. அதன் பொந்தில் அப்போது மூன்று குஞ்சுகள் இருந்தன. இன்னும் கண் திறக்காதவை.

எருமை போன நான்காம் நாள் காலையில் நாவல் மரத்தடிக்கு ஒரு பாம்பு வந்து, தலையைத் தூக்கிப் பார்த்தது. கிளிக்கு உயிரே போய்விட்டது. இத்தனை காலம் இந்தப் பக்கம் பாம்பு எட்டிப் பார்த்ததே இல்லையே! ஏன் என்பது அப்போதுதான் உறைத்தது. கீரிக்கு வளை அக்கரையில் இருந்தாலும், அது இரை தேடியது இந்த மரத்தடியில்தான்.

கிளி அலறிக்கொண்டே ஆற்றைக் கடந்து பறந்தது.

“கீரித் தம்பி! ஓடி வா! பாம்பு மரம் ஏறுகிறது! என் குஞ்சுகள்!”

கீரி கரைவரை ஓடி வந்தது. தண்ணீரில் இறங்கிப் பார்த்தது. வெள்ளம் இழுத்தது. தட்டுத் தடுமாறிக் கரை ஏறியது.

“நான் எப்படி அக்கா வருவேன்?” என்றது. “உங்கள் இறக்கை உங்களை மட்டும்தானே தூக்கும்!”

கிளி திரும்பி வந்தபோது பொந்தில் சத்தமே இல்லை.

எல்லோருக்கும் பொதுவாக ஓடுவதை, அதில் ஏறாதவர்களும் சேர்ந்துதான் தாங்க வேண்டும். அது சுமந்து கொண்டுவருகிறவர்களால்தான் ஏறாதவர்களின் வீடும் பத்திரமாக இருக்கிறது.