மரத்துக்குள் கேட்ட சத்தம்

காட்டுக்கு நடுவே இருந்த பெரிய ஏரியின் கரையில் ஒரு மருத மரம் நின்றது. மழை ஓய்ந்து ஏரி நிரம்பியதும் நாரைக் கூட்டம் ஒன்று மரத்தில் வந்து இறங்கியது. ஒவ்வொரு வருஷமும் அந்த மரத்தில்தான் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

சாம்பலி என்ற நாரை அந்தக் கூட்டத்துக்குப் புதியவள். அவள் பிறந்து வளர்ந்த ஏரி வற்றிப்போனதால், வழியில் பார்த்த இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். வந்த புதிதில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளைச்சி என்ற இளம் நாரை மட்டும் தன் கிளைக்கு அருகிலேயே ஒரு நல்ல இடத்தைக் காட்டி, "இங்கேயே கட்டிக்கொள்ளுங்கள் அக்கா, எனக்கும் துணையாக இருக்கும்" என்றாள்.

ஒருநாள் காலையில் சாம்பலி கூட்டில் சுள்ளி செருகிக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. அப்போது அவள் காலுக்குக் கீழே, மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. காய்ந்த மூங்கில் மெதுவாகப் பிளப்பதுபோல இருந்தது. அவள் குனிந்து மரத்தில் தலையை வைத்துக் கேட்டாள். மறுபடியும் கேட்டது. இரண்டு பெரிய கிளைகள் பிரியும் கவையில் பட்டை உப்பி, இடுக்கெல்லாம் கரையான் மண் அப்பியிருந்தது.

நேராகக் கூட்டத்தின் தலைவர் நெடுமூக்கரிடம் போய்ச் சொன்னாள். நெடுமூக்கர் கெட்டவர் அல்ல. தொலைதூரமெல்லாம் கூட்டத்தைப் பத்திரமாக அழைத்துவந்தவர். ஆனால் தான் தேர்ந்தெடுத்த மரத்தில் குறை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எல்லோரையும் கேட்டுவிடலாம் என்று சொல்லி, கூட்டத்தைக் கரையில் வரிசையாக நிற்க வைத்தார்.

மரத்துக்குள் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று முதலில் தானே சொன்னார். பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு அடுத்து நின்றவர் தலையை ஆட்டி, தனக்கும் கேட்கவில்லை என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு அவரும் கேட்கவில்லை என்றார். சாம்பலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'எனக்கும் கேட்டது' என்று சொல்லிவிட மாட்டார்களா என்று அவள் மனம் ஏங்கியது. யாரும் சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற அவள்மேல் எல்லாக் கண்களும் வந்து விழுந்தன.

"இப்போது சொல், உனக்கு என்ன கேட்டது?" என்றார் நெடுமூக்கர்.

சாம்பலி மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை பேர் சொல்வது தப்பாக இருக்குமா? தப்பென்றே வைத்துக்கொண்டாலும், நேற்று வந்தவள் எல்லோரையும் பொய்யர்கள் ஆக்கினாள் என்றல்லவா பேசுவார்கள்? மறுபடியும் தனியாகத் திரிய வேண்டியதுதானா?

"காற்றுச் சத்தமாக இருந்திருக்கும்" என்று முனகினாள்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அன்றிலிருந்து எல்லோரும் அவளிடம் நன்றாகப் பேசத் தொடங்கினார்கள். அவளுக்கு அது இதமாகவும் இருந்தது.

ஆனால் வெள்ளைச்சிக்கு மனம் ஆறவில்லை. அன்று சாயங்காலமே மெல்ல அருகே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் இன்னும் முட்டையிடவில்லை. அக்கரையில் ஒரு புன்னை மரம் காலியாக இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நானும் என் துணையும் அங்கே போய்விடுவோம். உங்களுக்கு நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லையா?"

அங்கே வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்லச் சாம்பலிக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனால் காலையில் எல்லோர் முன்னிலும் சொன்னதை இப்போது மாற்றிச் சொன்னால் இவள் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒன்றும் கேட்கவில்லை. நீ பயப்படாமல் இங்கேயே இரு" என்றாள்.

வெள்ளைச்சி நிம்மதியாகத் திரும்பிப் போனாள். சில நாளில் சாம்பலிக்கும் கூட்டத்தில் ஒரு துணை கிடைத்தது. நாளாக நாளாக எல்லாக் கூடுகளிலும் முட்டைகள் பொரிந்தன. மரம் முழுக்கக் குஞ்சுகளின் இரைச்சல். அந்த இரைச்சலில் மரத்துக்குள் எழுந்த சத்தம் அமுங்கிப்போனது. சாம்பலியும் காது கொடுத்துக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் மேற்கே வானம் கறுத்தது. சூறைக்காற்று ஏரியைப் புரட்டிக்கொண்டு வந்தது. மருத மரம் ஒருமுறை முனகியது. அடுத்த நொடி கவையோடு பிளந்து, அதன் பாதி ஏரிக்குள் சாய்ந்தது. வெள்ளைச்சியின் கூடும் அந்தப் பாதியோடு போனது. இறக்கை முளைக்காத குஞ்சுகளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய பாதியில் சாம்பலியின் கூடு அப்படியே இருந்தது. அவள் குஞ்சுகள் பசித்துக் கத்திக்கொண்டிருந்தன.

காற்று அடங்கியபின் நாரைகள் கரையில் கூடின. வரிசையில் அன்று தயங்கி நின்றவர்தான் முதலில் வாய் திறந்தார். தனக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது என்றார். இன்னொருத்தி அழுதுகொண்டே, தனக்கும் கேட்டதாகவும், மற்ற யாருக்கும் கேட்கவில்லை என்றதால் தன் காதையே சந்தேகப்பட்டதாகவும் சொன்னாள். அப்படியே இன்னும் பலர் சொன்னார்கள். நெடுமூக்கர் தலை குனிந்து நின்றார். அன்று வரிசையில் சாம்பலி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பாதிக் கூட்டம் அவள் பக்கம் நின்றிருக்கும்.

வெள்ளைச்சி மட்டும் அவள் எதிரே வந்து நின்றாள்.

"அன்றைக்கு உங்களுக்குக் கேட்டதுதானே, அக்கா?"

"கேட்டது" என்றாள் சாம்பலி.

வெள்ளைச்சி திட்டவில்லை. தன் துணையோடு எழும்பி, ஏரியைத் தாண்டி, கூட்டத்தை விட்டே பறந்து போனாள். சாம்பலி கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்பதற்காகத் தனக்குத் தெரிந்த ஆபத்தை மறைப்பவர், தன்னை நம்பியவரையே பலி கொடுத்துவிடுகிறார்.