தூக்கத்திலும் நிற்காத பேர்

"தூங்கும்போதுகூட என் உதட்டுல முருகன் பேரு ஓடிக்கிட்டே இருக்குன்னு மடத்துல எல்லாரும் சொல்றாங்க தாயம்மா. நீங்களும் ஒருக்காச் சொல்லிட்டா நிம்மதியாப் போயிருவேனுங்க."

சென்னியப்பனுக்கு மறுநாள் இருதய அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்த பிறகு எழாமலே போய்விட்டால்? கடைசி நினைவுதான் கரை சேர்க்கும் என்று நம்பி, இத்தனை வருடமும் ஜபமாலையைக் கீழே வைக்காத மனிதர். பயமே இல்லை என்று மடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பயம் இருந்தது.

குருவான தாயம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. பேச்சும் குறைவு.

"சாப்பிட்டுட்டுப் படுங்க. பக்கத்துல உக்காந்து கேக்கறேன்," என்றார்.

மத்தியானத் தூக்கம் கலைந்து சென்னியப்பன் கண் விழித்தபோது, மாலை விரலில் உருண்டுகொண்டுதான் இருந்தது. தலைமாட்டில் தாயம்மா.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். நிக்கவே இல்லை."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"தங்கராசுங்கிறது யாருங்க?"

கும்பிட்ட கை அப்படியே நின்றது. அந்தப் பெயரை இந்த மடத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"குனிஞ்சு காதை வச்சுக் கேட்டேன். ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் அதேதான். ‘தங்கராசு, நீ நல்லாவே இருக்க மாட்டே.’"

தன் நாக்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"என் தம்பிங்க," என்றார். "நான் வந்து சேர்றதுக்குள்ள எங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சுட்டான். முகத்தைக்கூடப் பாக்க விடலை. அன்னைக்கே பேச்சை விட்டுட்டேன்."

"பேச்சைத்தானே விட்டீங்க."

அவர் விரலில் இருந்த ஜபமாலையைப் பார்த்தார்.

"நாளைக்கு என் வாயில என்ன பேரு வருமுங்க?"

தாயம்மா தன் செல்போனை எடுத்து அவர் முன் வைத்தார்.

"அவன் நம்பரெல்லாம் எப்பவோ மறந்துபோச்சுங்க."

சொல்லிக்கொண்டே எடுத்தார். விரல்கள் ஓர் இடத்திலும் தயங்காமல் எண்களை அழுத்தி முடித்தன.

அந்தப் பக்கம் தம்பியே எடுத்தான். இவரிடமிருந்து மூச்சு மட்டும்தான் போனது.

அவனுக்கு அது முன்பின் தெரியாத எண். இவரோ ஒரு வார்த்தையும் பேசவில்லை.



பிறகு அவன் கேட்டான்.

"அண்ணா?"