பன்னீர் மாஸ்டரின் காக்கா

"மிமிக்ரின்னா என்ன மாஸ்டர்? கைதட்டு வாங்க மட்டும்தானா? அவசரத்துக்கு ஒரு காக்காயைக் கூப்பிட ஆகாதா?"

மொட்டை மாடியில் நின்று பொரிந்து தள்ளினான் சிங்காரம். கோபம் பாதி, அழுகை பாதி.

இருக்காதா பின்னே? அன்றைக்கு அப்பாவுக்குத் திதி. கைப்பிடிச் சுவரில் இலைத்துண்டு, சோறு, வடை. காக்கா தொடாமல் அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட விடமாட்டாள். சர்க்கரைக்காரி வேறு. கண்ணை இருட்டுகிறது என்று கீழே சுவரோடு சாய்ந்து கிடந்தாள்.

மிமிக்ரி சொல்லிக்கொடுத்த பன்னீர் மாஸ்டர் பக்கத்துத் தெருக்காரர். வயதில் சிங்காரத்துக்கு இளையவர், வித்தையில் மூத்தவர். இப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி வந்திருந்தார்.

"எங்கே, இன்னொரு தரம் கூப்பிடு."

சிங்காரம் கூப்பிட்டான். திருவிழா மேடைகளில் சக்கைப்போடு போட்ட அதே காக்கா. முடிவில் மெல்லிசாக ஒரு விசில்.

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருந்த காக்கா அலகைத் தீட்டிக்கொண்டது. திரும்பவே இல்லை.

மாஸ்டர் வாயைத் திறந்து காட்டினார். முன்பல் ஒன்று இல்லை. எப்போதோ மேடையில் மைக் இடித்து விழுந்தது.

"அந்த விசில் இந்த ஓட்டையில வர்றது. உனக்கு எங்கேருந்து வருது?"

சிங்காரம் நாக்கால் துழாவிப் பார்த்தான். பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது. அந்த விசிலுக்காக அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ இவ்வளவு நேரம் நான் யாரைக் கூப்பிட்டேன்?"

"நல்லாக் கேட்டே போ! நீ கூப்பிட்டே, நான் ஓடி வந்துட்டேன். இன்னும் யாரைன்னு கேக்கறியே?"

சொல்லிவிட்டு வடைக்குக் கை நீட்டினார். சிங்காரம் பட்டென்று தட்டிவிட்டான்.

"கையை எடுங்க மாஸ்டர். அது எங்கப்பாவுக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்தான். வெயில் சுட்டது. எழுந்திருக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. தொட்டியில் இருந்த காக்கா கரைந்தது. கேட்டான். மறுபடி கரைந்தது. தொண்டை அடியில் ஒரு கரகரப்பு, அப்புறம் ஒரு இழுப்பு. இத்தனை வருஷத்தில் அதை அவன் கேட்டதே கிடையாது.

பிறகு கூப்பிட்டான். விசில் இல்லை.

காக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தது.

மாஸ்டர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

"அம்மா! எழுந்து இலையைப் போடுங்க!"