விடுங்க, டாக்டர்

முப்பது வருடம் நெஞ்சைத் திறந்து வால்வு தைத்தவர் டாக்டர் மாசிலாமணி. அவர் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய டாக்டர் பர்வீனிடம் சீடராகப் போய் நின்றதும் ஆஸ்பத்திரியே வாயைப் பிளந்தது. அவருக்கு வெட்கமில்லை, அவசரம்தான் இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். சாப்பிடும்போதுகூட இடது கை மேஜையில் தாளம் போடும்.

அவசரத்துக்குக் காரணம் இருளப்பன். பழனி ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இதய வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. நுரையீரலும் கெட்டிருந்ததால் நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று கைவிரித்தவரே மாசிலாமணிதான். தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை அனுப்புவது ஒன்றுதான் இனி வழி; அதில் கைதேர்ந்தவர் பர்வீன்.

"உள்ள போனா தானா விரியும்ங்கறீங்க. எப்படி மேடம் நம்பறது?"

பர்வீன் பயிற்சிக்கு வைத்திருந்த வால்வை ஐஸ் தண்ணீரில் போட்டார். உலோக வலை துவண்டது. அதைப் பென்சில் பருமனுக்குச் சுருட்டி, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நழுவவிட்டார். சூடு பட்டதும் அது தன் பழைய உருவத்துக்கே விரிந்து நின்றது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கிண்ணத்துக்கு உசிரு இல்லையே, மேடம்."

பர்வீன் சிரித்துக்கொண்டார்.

மறுவாரம் இருளப்பன் மேஜையில் படுத்திருந்தார். தொடையை மட்டும் மரக்கவைத்திருந்தார்கள், நினைவு இருந்தது. மாசிலாமணி வால்வை இதயத்தில் சேர்த்து, அதைச் சுருக்கி வைத்திருந்த உறையை விலக்கினார். எக்ஸ்ரே திரையில் வலை விரிந்தது. ஆனால் ஒரு பக்கம் நசுங்கிய சொம்பு மாதிரி நின்றது. ஓரமாக ரத்தம் கசிந்தது. ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது.

"முழுசா விரியலை, மேடம். பலூன் விட்டு ஊதிடலாமா?"

"விடுங்க, டாக்டர்."

அவர் பழகிய அறுவை அரங்கில் 'விடுங்க' என்றால் உள்ளே விடு என்றுதான் அர்த்தம். பாய்ந்து பலூனை எடுத்தார். நுனியைக் குழாயில் வைக்கும்போது பர்வீன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்கன்னுதானே சொன்னீங்க?"

"சும்மா விடுங்கன்னு சொன்னேன். இவ்வளவு சுண்ணாம்புல அவசரப்பட்டு ஊதினா ரத்தக்குழாய் கிழியும். கிழிஞ்சா நெஞ்சைத் திறக்கணும். திறக்கலாமா?"

அவர் பலூனைக் கீழே வைத்தார். பர்வீன் பிடியை விடவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"அழுத்தம் இன்னும் இறங்கினா ஊதித்தான் ஆகணும். அதுவரைக்கும் இருங்க."

கொடுமையான நேரம் அது. மாசிலாமணியின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கண் திரைக்கும் அழுத்தம் காட்டும் எண்ணுக்குமாக அலைந்தது.

"என்ன சார், சத்தமே காணோம்? வண்டி நின்னுடுச்சா?" என்றார் இருளப்பன்.

"சிக்னல்ல நிக்குதுங்கய்யா" என்றார் பர்வீன்.

நசுங்கிய பக்கம் மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. யாரும் தொடாமலே வலை வட்டமாயிற்று. கசிவு மெலிந்து நின்றது. அழுத்தம் ஏறியது.

கை கழுவும் இடத்தில் மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க ஏதாவது கேட்டாக வேண்டும்.

"பலூனை நான் அப்பவே கீழ வச்சுட்டேனே, மேடம். அப்புறமும் கடைசி வரைக்கும் ஏன் என் கையை விடவே இல்லை?"

பர்வீன் குழாயை மூடினார்.

"என் கையும் சும்மா இருக்கணுமே, டாக்டர்."