வெள்ளச்சி கேட்ட கேள்வி

எருமையும் காக்கையும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மாட்டுக் கூட்டத்துக்கெல்லாம் காக்கைதான் வைத்தியர். உண்ணி பிடுங்கவும் புண்ணில் புழு எடுக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரர் என்று பேர். கையே கிடையாது, அது வேறு விஷயம்.

அந்தக் காக்கைக்கு மூக்கையா என்று பெயர். கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கன்றுகளுக்கு அவர் வைத்தியம் பார்த்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் நாலு பேர் கன்றைச் சுற்றி நின்று அமுக்கிக்கொள்வார்கள். "அதோ பாரு, குருவி!" என்பார் ஒருவர். கன்று அந்தப் பக்கம் திரும்பும்போது வைத்தியர் பின்னாலிருந்து வந்து லபக்கென்று கொத்துவார். கன்று அலறும். "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு, வலிக்கவே இல்லைல்ல?" என்று எல்லாரும் சிரிப்பார்கள். வலித்தது கன்றுக்கு, சிரித்தது இவர்கள். நன்றாக இருக்கிறது நியாயம்!

அந்தக் கூட்டத்தில் பேச்சி என்றொரு எருமை. அவள் மகள் வெள்ளச்சி. உடம்பெல்லாம் அட்டக் கருப்பு. வால் நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை முடி, அதற்கே அந்தப் பெயர். ஒருநாள் பேச்சி, "வாடி, குளத்துக்குப் போகலாம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில் குளமும் இல்லை, சேறும் இல்லை. வேப்பமரத்தடியில் மூக்கையா அலகைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வெள்ளச்சி யார் பேச்சையும் நம்பவில்லை. நிஜமாகவே குளத்துக்குக் கூப்பிட்டால்கூட நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்பாள்.

கோடை முற்றியபோது அவளுடைய இடது காதுக்குள் உண்ணி ஏறிவிட்டது. காது வீங்கி, சீழ் வைத்து, அந்தப் பக்கம் சத்தமே கேட்காமல் போயிற்று. காட்டோரம் மேய்கிற கூட்டம் அது. செந்நாய் வருகிற சத்தம் கேட்காத கன்று எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? பேச்சிக்கு மேய்ச்சலே இறங்கவில்லை. தன் அண்ணன் மாயாண்டிக் கிடாவிடம் சொல்லி அழுதாள்.

"அழாத. அமுக்கிப் பிடிச்சு எடுத்துருவோம்" என்றார் மாயாண்டி.

மூக்கையா வந்து இறங்குவதை வெள்ளச்சி பார்த்துவிட்டாள். பிடித்தாள் ஓட்டம். குளத்துக்குள் பாய்ந்து, நடுவில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, இன்னும் முளைக்காத கொம்பைச் சிலுப்பிக் காட்டினாள்.

"வெளியே வாடி! வைத்தியர் எவ்வளவு நேரம் காத்திருப்பாரு?" என்று மாயாண்டி கரையிலிருந்து அதட்டினார்.

"வரமாட்டேன் போங்க!"

"சும்மா பார்க்கத்தான் வந்திருக்காரு, தங்கம்" என்றாள் பேச்சி.

"பொய்!"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார் மூக்கையா.

"அதுவும் பொய்! வலிக்குமா, வலிக்காதா? அதைச் சொல்லுங்க."

"வலிக்காது!" கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வலிக்காதுன்னா எதுக்கு நாலு பேரு சேர்ந்து அமுக்குறீங்க?"

அதுவரை எந்தக் கன்றும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெரியவர்கள் என்றைக்கோ மாட்டியிருப்பார்கள்.

மாயாண்டிக்குக் கோபம் தலைக்கேறியது. "முளைச்சு மூணு இலை விடலை, கேள்வியைப் பாரு! நான் போய் இழுத்துட்டு வர்றேன்" என்று தண்ணீரில் கால் வைத்தார். பேச்சி குறுக்கே போய் நின்றாள்.

"நில்லுங்கண்ணே. அவ கேட்டதுல என்ன தப்பு? குளத்துக்குன்னு சொல்லி ஏமாத்துனது நான்தானே? எம்புள்ள என்னையே நம்ப மாட்டேங்குது, எனக்கு நெஞ்சு பதறுது. இனிமே அவ மேல யாரு கொம்பும் படக்கூடாது, சொல்லிட்டேன்."

அண்ணன் பேச்சை ஒருநாளும் தட்டாதவள் அவள். மாயாண்டி காலைப் பின்னுக்கு எடுத்தார்.

மூக்கையா பறந்துபோய், வெள்ளச்சிக்கு நேர் எதிரே தண்ணீரில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கும்" என்றார். "காதுக்குள்ள புளியங்கொட்டை தண்டிக்கு ஒரு உண்ணி இருக்கு. பிடுங்கும்போது சுரீர்னு வலிக்கும். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் எரியும். ஆனா காது கேக்கும். எடுக்கலைன்னா கேக்காது. இதுதான் நிஜம்."

வெள்ளச்சி பாறைப் பக்கம் ஓரடி நகர்ந்தாள்.

"சரி. ஆனா பின்னாடியிருந்து வரக்கூடாது. முன்னாடி வந்து, என்ன செய்யப்போறேன்னு சொல்லிட்டுத்தான் செய்யணும். நான் காதை ஆட்டினா விட்டுரணும். பாதியில இருந்தாலும் விட்டுரணும்."

"பாதியில விட்டா நீ ஓடிப்போயிருவியே?"

"ஓடுனா ஓடுறேன். என் காதுதானே?"

மூக்கையாவுக்குச் சுருக்கென்றது. "எனக்கே சட்டம் போடுற முதல் ஆளு நீதான்டி" என்று முணுமுணுத்தார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

வெள்ளச்சி கரையேறினாள். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டேதான் வந்து நின்றாள்.

"இப்போ காதுக்குள்ள அலகை விடப்போறேன்" என்றார் மூக்கையா. விட்டார். "உண்ணியைப் பிடிச்சிட்டேன். இழுக்கப்போறேன்." இழுத்தார்.

"ஐயோ அம்மா!" என்று வெள்ளச்சி காதை ஆட்டினாள்.

உண்ணி பாதிப் பிடி விட்டிருந்தது. இன்னும் ஒரு இழுப்பு போதும். "விடாதீங்க, இழுங்க, இழுங்க!" என்று மாயாண்டி கத்தினார். மூக்கையா அலகைத் திறந்து விட்டுவிட்டார். தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

ஓடத்தான் போகிறாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். எதிரே குளம், தடுக்க ஆளில்லை. வெள்ளச்சி மூச்சு வாங்கினாள். மூக்கு ஒழுக அழுதாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தலையைத் தாழ்த்திக் காதை வைத்தியர் பக்கம் சாய்த்தாள்.

"ம். இப்ப எடுங்க."

ஒரே இழுப்பு. உண்ணி வந்துவிட்டது. அவள் போட்ட கூச்சல் அடுத்த காடுவரை கேட்டிருக்கும். வாயில் வந்தபடியெல்லாம் வைத்தியரைத் திட்டினாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார். வீக்கம் வடிந்ததும் ஒருநாள் பேச்சி இடது பக்கம் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். வெள்ளச்சி சட்டென்று திரும்பினாள். பேச்சி நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

மற்ற கன்றுகள் சும்மா இருக்குமா? "எங்களுக்கும் அப்படித்தான் வேணும்" என்று எல்லாம் குளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டன. பெரியவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று.

அன்று முதல்தான் காக்கை மாட்டுக்கு முன்னால் வந்து இறங்கி, தலையைச் சாய்த்து முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறுகிறது. மாடு காதை ஆட்டினால் மறுபேச்சில்லாமல் விலகிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் மாடே தலையைத் தாழ்த்திக் காதைக் கொடுக்கிறது; பிடித்துக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை.