நாற்பது வாளி சீனிப்பாணி

வடக்கே, மணலை வெந்நீரில் கழுவி எண்ணெய் எடுக்கிற ஒரு குளிர் ஊர். எண்ணெய் போனபின் மிஞ்சுகிற கறுத்த சேற்றுத் தண்ணீரைக் குளம் குளமாகத் தேக்கி வைத்திருந்தார்கள். பறவைகள் ஏமாந்து இறங்கிச் சாகாமலிருக்கக் கரையில் சற்றைக்கொருதரம் வெடி வெடிக்கும். வந்த புதிதில் ஒவ்வொரு வெடிக்கும் குலசிங்கம் குனிந்தான். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

ஏழாம் குளம் மட்டும் சின்னது, கோயில் கேணி அளவு. அது மங்கையற்கரசி ரீச்சரின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவர். அந்தச் சேற்றிலேயே பிறந்த கிருமிகளைக்கொண்டு அதன் நஞ்சைத் தின்ன வைக்கிற வேலையில் பதினொரு வருடமாக இருந்தார். குலசிங்கம் அங்கே தண்ணீர் லொறி ஓட்டி வந்தவன். அளவு குறைவென்று ரீச்சர் லொறியைத் திருப்பி அனுப்பிய அன்று தொண்டை கிழியச் சண்டை பிடித்தான். அடுத்த கிழமை அவரிடமே வேலை பழகச் சேர்ந்தான். வாழ்க்கையில் அவனிடம் பேரத்தில் வென்ற முதல் ஆள் அவர். வயதில் அவன்தான் மூன்று மூப்பு.

தினமும் காலையில் அளவுப் பேணியால் ஒரு சுண்டு உரம். அதற்குமேல் ஒரு சிட்டிகை கிடையாது.

"ரீச்சர், இதுகள் ஏன் இப்பிடி ஆமை மாதிரி வேலை செய்யுதுகள்?"

"அந்த நஞ்சு அதுகளுக்கு விருந்தில்லை. வேறை ஒண்டும் கிடையாததாலை தின்னுதுகள்."

"அப்ப கொஞ்சம் நல்லாப் போட்டா உசாரா நிக்குங்கள்."

"உரம் போட்டாச்சோ?"

"போட்டாச்சு."

"அப்ப நாளைக்குப் பாப்பம்."

நாலு வருடமாக இதே நாளைக்குப் பாப்பம். குலசிங்கத்துக்கு எரிச்சலில் காது சுடும்.

அந்த வருடம் மேலிடத்துக்கும் பொறுமை போய்விட்டது. குளம் உறைவதற்கு முன் பரிசோதகர் வருவார். குளத்துத் தண்ணீரில் பத்து மீனை விடுவார். நாலு நாளில் பாதிக்கு மேல் செத்தால் குளத்தை மண் போட்டு மூடிவிடுவார்கள்.

பத்து நாள் இருக்கையில் ரீச்சர் கண் காட்ட நகரத்துக்குப் போனார். குலசிங்கம் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன். ஆட்களுக்கு ஒரு தேத்தண்ணியும் பணிசும் கூடக் கொடுத்தால் கப்பல் அரை நாள் முந்திக் காலியாகும் என்று கண்ணால் கண்டவன். மாட்டுத் தீவனத்தில் கலக்கிற சீனிப்பாணியை நாற்பது வாளி வாங்கிவந்து குளத்தில் ஊற்றினான்.

ரீச்சர் திரும்பி வந்தபோது குளம் கொதித்தது. கரை முழுக்க நுரை.

"பாத்தீங்களோ ரீச்சர்! ஆக்கள் நிண்டு பிடிக்கினம்!"

அவர் ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார்.

"எவ்வளவு?"

"நாப்பது வாளி."

ரீச்சர் வெறும் வாளியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"சீனி கிடைக்கேக்கை நஞ்சை ஏன் தின்னப்போகுதுகள்?" என்றார். "தண்ணியிலை இருந்த காத்தையும் குடிச்சு முடிச்சிருக்குங்கள். இனி மீனுக்கு மூச்சுமில்லை."

பரிசோதகர் சொன்ன நாளில் வந்தார். இரண்டாம் நாளே ஏழு மீன் வயிறு மேலாக மிதந்தது. படிவத்தை மேசையில் வைத்தார். ரீச்சர் நிரப்பவேண்டிய கடைசி வரி, காரணம். இந்த முறையே பயனற்றது என்றால் குளம் மூடப்படும், கையாண்டதில் பிழை என்றால் இன்னொரு கோடை கிடைக்கும் என்றார். மதியம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அனுமதியில்லாமல் குளத்தில் எதையும் போட்டவன் அன்றே வெளியே. வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது.

"குளிர் எண்டு எழுதுங்கோ ரீச்சர்."

"அப்ப குளத்தை மூடுவினம்."

"அவர் கொண்டந்தது நோயாளி மீன் எண்டு எழுதுங்கோ."

"அதே மீனிலை பத்தை வேறை தண்ணியிலை விட்டு வைச்சிருக்கிறார். பத்தும் ஓடித் திரியுது."

"சரி, ஆரோ ஊத்திப்போட்டினம் எண்டு எழுதுங்கோ. பேர் என்னத்துக்கு?"

ரீச்சர் பேனையை அவன் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்கோ. நான் ஊத்தேல்லை."

சுண்டை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டார்.

குலசிங்கத்துக்கு முதலில் மீன்கள்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு பரிசோதகர்மேல். பிறகு ரீச்சர்மேல். ஐம்பத்திரண்டு வயதில் எவன் வேலை தருவான்? குளிர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நாலு வருடமாக அவன் எழுதிய தினக்கணக்கை ரீச்சர் ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை, அப்படியே கையெழுத்துப் போடுவார். இன்றைக்கும் போடுவார். அதுதான் நெஞ்சில் ஏறி நின்றது. வாசிக்கிற ஆளென்றால் பேரம் பேசியிருக்கலாம்.

எழுதினான். நாற்பது வாளி என்று எழுதினான். யார் ஊற்றியது என்றும் எழுதினான்.

ரீச்சர் வந்தார். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பரிசோதகர் வாசித்தார். "அடுத்த கோடையும் பார்க்கலாம்" என்று ரீச்சரிடம் சொன்னார். பிறகு குலசிங்கத்தின் கழுத்திலிருந்த வாசல் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குலசிங்கம் குளிர்ச்சட்டையைப் போட்டான். கதவுவரை போய் நின்றான்.

"நான் உங்கட பதினொரு வருசத்தைக் கவிழ்க்கப் பாத்தவன். ஒரு சொல்லெண்டாலும் ஏசுங்கோ ரீச்சர்."

"ஏசமாட்டன் குலசிங்கம்" என்றார் ரீச்சர். "ஏசினா இண்டைக்கே உங்களுக்குக் கணக்குச் சரியாப் போயிடும்."